கல்லைப் புரட்டாமல் ஒரு பாறைக்குட்டைப் படம்

என்னிடம் புகைப்படப் பயிற்சிக்கு வருகிறவர்கள் தாங்கள் முன்பு எடுத்த படங்களைக் கொண்டுவந்து காட்டுவார்கள். கடலோரப் பாறைக்குட்டைப் படம் என்றால், நான் முதலில் பார்ப்பது அந்த உயிர் இருக்கும் இடத்தைத்தான். நட்சத்திர மீன் காய்ந்த பாறை மேல் மல்லாந்து கிடக்கும். கல்லுக்கடியில் ஒளிந்தே வாழும் மெல்லிய கைகளுள்ள வகை, பளீரென்ற வெயிலில் வெள்ளை மணல் மேல் பரத்தி வைக்கப்பட்டிருக்கும். இரண்டும் தானாக அங்கே வந்திருக்காது, யாரோ எடுத்து வைத்திருக்கிறார்கள். படம் எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் எனக்கு மனசு ஒப்பாது.

கன்னியாகுமரி மாவட்டத்தில் முட்டம், கடியப்பட்டணம் பக்கமும், தூத்துக்குடி மாவட்டத்தில் மணப்பாடு பக்கமும் பாறைக்கரைகள் உண்டு. கடல் வற்றும்போது பாறைப் பள்ளங்களில் தண்ணீர் தங்கிவிடும். அடுத்த ஏற்றம் வரும்வரை சுமார் ஆறு மணி நேரம் உள்ளே இருக்கும் உயிர்களுக்கு அந்தத் தண்ணீர்தான் கதி. வெயில் ஏற ஏற அது சூடாகும், உப்பு கூடும். சூடான தண்ணீரில் ஆக்ஸிஜனும் குறையும். ஏற்கெனவே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும் ஓர் உயிரைத்தான் நாம் "ஒரு நிமிஷம் போஸ் கொடு" என்று தூக்குகிறோம். பாறையைப் பற்றியிருக்கும் நட்சத்திர மீனைப் பிய்த்தெடுத்தால் அதன் அடியிலுள்ள குழாய்க்கால்கள் அறுந்துவிடும். அது படத்தில் தெரியாது.

எல்லாவற்றையும்விட என்னை வருத்துவது கல்லைப் புரட்டுவதுதான். குட்டையில் கிடக்கும் ஒரு கல்லுக்கு இரண்டு பக்கம், இரண்டு குடும்பம். மேல்பக்கம் சொரசொரப்பாக இருக்கும். வெயிலுக்குப் பழகிய பாசியும் அதை மேயும் நத்தைகளும் அங்கே. அடிப்பக்கம் எப்போதும் ஈரம், எப்போதும் இருட்டு. ஆரஞ்சு நிறத்தில் கடற்பஞ்சு அப்பியிருக்கும். வெள்ளைச் சுண்ணாம்புக் குழாய்களுக்குள் புழுக்கள், நகக்கண் அளவு நண்டுகள், சில நேரம் மீனோ நத்தையோ ஒட்டிவைத்த முட்டைகள். கல்லைப் புரட்டிப் போட்டுவிட்டு நடந்தால் அடிப்பக்கம் வெயிலில் காய்ந்து சாகும், மேல்பக்கப் பாசி இருட்டில் அழுகும். ஒரு படத்துக்கு இரண்டு பக்கமும் போச்சு. திருப்பி வைக்கிறேன் என்கிறவர்களும் இருக்கிறார்கள். அவசரத்தில் வைக்கும்போது அடியில் ஒதுங்கிய நண்டு நசுங்குவதைப் பார்த்திருக்கிறேன். அதனால் என் வகுப்பில் கல்லைத் தொடுவதே கிடையாது.

அப்புறம் எப்படிப் படம் எடுப்பது? உட்கார்ந்துதான். ஒரே ஒரு குட்டையைத் தேர்ந்தெடுத்து, நிழல் தண்ணீரில் விழாத பக்கமாக உட்காருங்கள். நம் நிழல் விழுந்தால் கொக்கு வந்துவிட்டது என்றுதான் சின்ன மீன்கள் நினைக்கும். கொஞ்ச நேரத்தில் சுருங்கியிருந்த கடல் சாமந்தி (பூப்போலத் தெரியும் ஓர் உயிர்) மெல்லக் கைகளை விரிக்கும், பொந்திலிருந்து ஒரு மீன் தலை எட்டிப் பார்க்கும், வெற்றுச் சங்கு என்று நினைத்தது நடக்கத் தொடங்கும். அந்தத் துறவி நண்டுகளுக்கு வீடே அந்த வெற்றுச் சங்குதான், ஆகவே அழகாக இருக்கிறதே என்று பொறுக்கிப் பையில் போடவும் வேண்டாம்.

தண்ணீர் மேல் வானம் பளபளப்பதுதான் எல்லோருக்கும் தொல்லை. பளபளப்பைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டர் போட்டுவிட்டு நேர் மேலிருந்து எடுத்தால் பயனில்லை. நீர்மட்டத்திலிருந்து சுமார் 37 டிகிரி சாய்வில் பார்த்து ஃபில்டரைத் திருப்புங்கள், பளபளப்பு பெரும்பாலும் விலகிவிடும். நேர் மேலிருந்துதான் வேண்டும் என்றால் வானத்தை மறைக்க ஒரு கருப்புக் குடை போதும், ஃபோனுக்கும் அதுவே கைகொடுக்கும். ட்ரைபாட் கால்களைக் குட்டைக்குள் ஊன்றாதீர்கள். சன்ஸ்கிரீன் தடவிய கையைத் தண்ணீரில் விடாதீர்கள்.

இனி கடலைப் பற்றி. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் அதிகம் வற்றும், வற்றும் நேரம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். இந்தக் கணக்கை மட்டும் நம்பி இறங்குகிறார்கள், அங்கேதான் ஆபத்து. குஜராத்தின் நராராவில் கடல் பல மீட்டர் வற்றும், பாறைத்தளத்தில் வெகுதூரம் நடக்கலாம். நம் தென்கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் பெரும்பாலும் ஒரு மீட்டருக்குள்தான். ஒரு நல்ல அலையே அதைவிட உயரம். நேரம் சரியாக இருந்தும் அலை மோசமாக இருந்தால் அன்றைக்குக் குட்டைப் பக்கம் போகவே கூடாது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஜூன் முதல் செப்டம்பர் வரை குமரியின் மேற்குக் கரையில் நான் யாரையும் பாறையில் இறக்குவதில்லை.

கள்ளக்கடல் இன்னும் மோசம். தெற்கே வெகுதூரத்தில் புயலில் பிறந்த அலை, இங்கே காற்றே இல்லாத தெளிந்த நாளில் திடீரென்று பொங்கி ஏறும். 2024 மே 6 அன்று குமரி மாவட்டத்தின் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அலையில் இழுக்கப்பட்டு இறந்தார்கள். கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்த நாட்கள் அவை. ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் அலை எச்சரிக்கைகளை இணையத்திலேயே வெளியிடுகிறது. கிளம்புவதற்கு முன் பார்ப்பதற்கு இரண்டு நிமிடம் ஆகாது.

கரைக்கு வந்த பிறகும் உடனே இறங்க வேண்டாம். சிப்பி எடுக்கிறவர்கள் முதலில் நின்று பாறையைப் பார்ப்பார்கள். அலை இப்போது தொடாத உயரத்தில் பாறை நனைந்திருந்தால், சற்று முன் பெரிய அலை ஒன்று அங்கே ஏறியிருக்கிறது என்று அர்த்தம். காய்ந்து உப்புப் பூத்த பாறைதான் நிற்கும் இடம். பச்சைப் பாசி படர்ந்தது வழுக்கும். அலையைப் பனிபோலக் காட்ட வெளிச்சத்தைக் குறைக்கும் என்.டி. ஃபில்டர் போட்டு முப்பது வினாடி எக்ஸ்போஷர் வைக்கும்போது கண் முழுக்கத் திரையில்தான் இருக்கும். அப்போது கடலைப் பார்த்துக்கொண்டிருப்பதற்கென்றே ஓர் ஆள் கூட இருக்க வேண்டும்.

சட்டமும் இருக்கிறது. கடல் அட்டை, கடல் குதிரை, பவளம் எல்லாம் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் இருப்பவை, பிடிப்பதும் எடுத்துச் செல்வதும் குற்றம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் தேசியப் பூங்கா, வனத்துறை அனுமதியின்றிக் கால் வைக்க முடியாது. கூம்பு வடிவச் சங்கு ஒன்று அழகான கோலத்தோடு நகர்ந்து போனால் கையில் எடுக்காதீர்கள். அதன் விஷ முள் பாயும், சில வகைகளின் விஷம் ஆளையே கொல்லும்.

ஆளரவமில்லாத கரை ஒன்று கிடைத்தால், ஃபோன் கேமராவில் லொகேஷனை அணைத்துவிட்டே படம் எடுங்கள், இடம் தெரிந்தால் கூட்டம் வந்துவிடும். பகிரும்போது மாவட்டத்தின் பெயர் போதும், தேதியும் நேரமும் உயிரினத்தின் பெயரும் போடுங்கள். உயிரினப் படங்களைப் பதியும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் ஏற்றினால் சரியான இடத்தைப் பொதுப்பார்வைக்கு மறைக்கும் வசதி இருக்கிறது, பதிவேற்றும்போதே அதைத் தேர்ந்தெடுத்துவிடலாம்.