வளைதசைப் புழுவா, வளையப்புழுவா?

அக்கா மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். மழை விட்ட மறுநாள் வாசலில் ஊர்ந்த மண்புழுவை விளக்குமாற்றுக் குச்சியால் ஓரமாகத் தள்ளிக்கொண்டே, "மாமா, இது வளைதசைப் புழு. வளையுற தசை இருக்கறதால அந்தப் பேரு" என்றாள். இதே விளக்கத்தைப் பலர் வாயிலாகக் கேட்டு அலுத்துவிட்டது. ஆனால் அவளைத் திருத்த எனக்கு வாய் வரவில்லை. தமிழ் இலக்கணப்படி அவள் சொன்னதுதான் சரி. பிழை பெயரில் இருக்கிறது.

மண்புழு, அட்டை முதலான புழுக்கள் அடங்கிய விலங்குத் தொகுதிக்குப் பாடப்புத்தகம் வைத்த பெயர்தான் வளைதசைப் புழு. அதன் மூலச்சொல் அன்னலிடா. லத்தீனில் 'அனெல்லஸ்' என்றால் சிறு மோதிரம். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சு இயற்கையியலாளர் லமார்க் இந்தப் பெயரைக் கொடுத்தார். மோதிரங்களை அடுக்கினாற்போன்ற உடம்பு என்பதே பொருள். அதில் தசை என்ற பேச்சே இல்லை.

'வளைதசை' என்று எழுதினால் அது வினைத்தொகை. வளைந்த தசை, வளைகின்ற தசை, வளையும் தசை. ஊறுகாய், சுடுசோறு போல வல்லினம் மிகாமல் நிற்கிறதே, வேறெப்படிப் படிப்பது? "வளை என்பது வளையம், தசை என்பது உடம்பு" என்று சிலர் வாதாடுகிறார்கள். அப்படியானால் 'வளைத்தசை' என்று ஒற்று மிக வேண்டும். அப்படியும் சில புத்தகங்களில் அச்சாகிறது. ஒரே புத்தகத்தில் இரண்டு விதமாகவும் பார்த்திருக்கிறேன். ஒற்றைப் போட்டாலும் தொல்லை தீரவில்லை. எலி வளை, நண்டு வளை என்று பொந்தையும் வளை என்கிறோம். மண்ணைக் குடைந்து வாழும் புழுவுக்கு அந்தப் பொருளும் ஒட்டிக்கொள்ளும்.

உயிரியல்படி பார்த்தால் இன்னும் மோசம். மண்புழுவின் உடற்சுவரில் வட்டத்தசை, நீள்தசை என இரண்டு அடுக்கு உண்டு. வட்டத்தசை சுருங்கினால் உடம்பு மெலிந்து நீளும். நீள்தசை சுருங்கினால் பருத்துக் குறுகும். இப்படி மாறி மாறி நீண்டும் குறுகியும்தான் அது நகர்கிறது. நீள்தசை மட்டுமே உள்ள உருளைப்புழுதான் வளைந்து வளைந்து நெளிகிறது. 'வளையும் தசை' என்ற பெயர் யாருக்காவது பொருந்துமென்றால் அதற்குத்தான்.

மெழுகுத் தட்டில் மண்புழுவைக் கிடத்தி முதுகுப்புறம் கீறிப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். வெளியே வரி தெரியும் இடத்தில் உள்ளே மெல்லிய சவ்வுத் தடுப்பு ஒன்று நிற்கும். நரம்புமுடிச்சு, கழிவகற்றும் நுண்குழல் எல்லாம் அறைக்கு அறை திரும்பத் திரும்ப வரும். குடல் மட்டும் அந்தத் தடுப்புகளையெல்லாம் துளைத்துக்கொண்டு, மணிகளுக்குள் நூல் போல நேராக ஓடும். நம் பக்கத்து லாம்பிட்டோ மாரிட்டி என்ற மண்புழுவில் முதல் இரண்டு கண்டங்களில், அதாவது அறைகளில், வாய்க்குழி, மூன்றிலும் நான்கிலும் தொண்டை, ஐந்தில் உணவுக்குழல், ஆறில் அரைவைப்பை. தொட்டால் கெட்டியாக இருக்கும். விழுங்கிய மண்ணும் மட்கிய இலையும் அங்கேதான் அரைபடும். ஏழாம் கண்டத்திலிருந்து கடைசி வரை குடல். அதன் மேற்சுவர் உள்பக்கமாக மடிந்து சத்து உறிஞ்சும் பரப்பைக் கூட்டுகிறது. இவ்வளவையும் கண்ட எண்ணைக் கொண்டே சொல்கிறோம். அப்படிப்பட்ட உடம்புக்கு வளையத்தை விட்டுவிட்டுத் தசையில் பெயர் வைப்பதா?

மற்றத் தொகுதிகளுக்கு எவ்வளவு அழகாகப் பெயர் வைத்தார்கள்! துளையுடலி, தட்டைப்புழு, கணுக்காலி, மெல்லுடலி, முட்தோலி. கேட்டவுடன் உருவம் கண்ணில் நிற்கிறது. அதே வரிசையில் 'வளையப்புழு' என்று வைத்தால் என்ன குறைந்துவிடும்? மூலத்துக்கும் நேர், பிள்ளைக்கும் விளங்கும். நாங்கூழ், பூநாகம் என்று இந்த உயிருக்கே தனித்தனிப் பெயர் வைத்திருந்த மொழி இது. மொழிபெயர்த்தவர்கள் அகராதியைப் புரட்டுவதற்கு முன் ஒரு புழுவைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கலாம். இப்போது 'வளைதசைப் புழுவின் வட்டத்தசை' என்று வினாத்தாளில் வருகிறது. எந்தத் தசையைக் கேட்கிறார்கள் என்று பிள்ளைகள் விழிக்கிறார்கள்.

அட்டையைக் காட்டி ஒரு நண்பர் மறுத்தார். அட்டைக்குக் கண்டங்கள் 33தான். தோலிலோ அதைவிட மிக அதிகமாக வரிகள் தெரியும், நடு உடலில் ஒரு கண்டத்துக்கு ஐந்து வரை. "வளையத்தை எண்ணினால் கணக்குத் தப்புமே" என்றார். நியாயமான கேள்வி. வெளியே தெரிவதை வளையம் என்றும், உள்ளமைப்போடு சேர்ந்த பகுதியைக் கண்டம் என்றும் பிரித்துச் சொன்னால் போதும். தொகுதியின் பெயர் கண்ணுக்குத் தெரிவதைச் சொல்கிறது. லமார்க் வைத்த பெயரும் அதைத்தான் சொன்னது.

அக்கா மகளிடம் இதைச் சொன்னேன். குனிந்து புழுவின் வரிகளை எண்ண ஆரம்பித்தாள். நாற்பதைத் தாண்டுவதற்குள் அது ஈரமண்ணுக்குள் போய்விட்டது.