ஆட்டோவில் ஏற்றும் முன் உடம்பைக் குளிர வையுங்கள்

கடலோர ஊர்களில் வெயில் 37 டிகிரியாவது தொட்டு, வழக்கத்தைவிட 4.5 டிகிரி கூடினால்தான் வானிலைத் துறை அதை வெப்ப அலை என்று அறிவிக்கும். ராமநாதபுரம் கடற்கரையில் அந்த அறிவிப்புக்காகக் காத்திருப்பதில் அர்த்தமில்லை. 35 டிகிரியிலேயே, காற்று செத்துப் புழுக்கம் ஏறிய நாளில், உப்பளத்திலோ கரிமூட்டத்திலோ வேலை செய்பவர் சுருண்டு விழலாம். வியர்வை வழிந்தால் மட்டும் உடம்பு குளிராது, அது காய வேண்டும். ஈரக்காற்றில் அது காய்வதில்லை.

விழுந்தவரிடம் தோலைவிடப் பேச்சைக் கவனியுங்கள். வீட்டுக்குள் புழுங்கிக் கிடந்த முதியவருக்குத் தோல் வறண்டிருக்கும். வேலையின் நடுவில் விழுந்தவருக்கு வேர்த்துக் கொட்டிக்கொண்டே இருக்கலாம். உடம்பு கொதிக்கிறது, கூடவே பேர் கேட்டால் உளறுகிறார், தள்ளாடுகிறார், பிடிக்கப் போனால் அடிக்க வருகிறார், வலிப்பு வருகிறது என்றால் அது ஹீட் ஸ்ட்ரோக்தான் என்று வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள். ‘போதையில கிடக்கான்’ என்று நிழலில் போட்டுவிட்டுப் போவதில்தான் பல உயிர் போகிறது.

ஒருவர் 108-ஐ அழைக்கட்டும். மற்றவர்கள் உடனே குளிர வைக்க வேண்டும். உடம்பின் உள்சூடு 40 டிகிரியைத் தாண்டிய ஒவ்வொரு நிமிடமும் மூளையும் ஈரலும் சிறுநீரகமும் கெடுகின்றன. விழுந்து அரை மணி நேரத்துக்குள் 39-க்குக் கீழே இறக்கிவிட்டால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார்கள். அமெரிக்காவின் ஃபால்மவுத் ஓட்டப் பந்தயத்தில் 18 ஆண்டுகளில் ஹீட் ஸ்ட்ரோக் வந்த 274 பேரை அங்கேயே ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் இறக்கினார்கள், ஒருவர்கூடச் சாகவில்லை. மண்டபத்திலிருந்து ராமநாதபுரம் போய்ச் சேர்வதற்குள்ளேயே அந்த அரை மணி முடிந்துவிடும்.

தொட்டி இல்லையே என்று கவலை வேண்டாம். நம் கரையில் தார்ப்பாயும் மீன் ஐஸும் இல்லாத இடம் குறைவு. சட்டையைக் கழற்றி, தார்ப்பாயின் நடுவில் படுக்க வையுங்கள். நாலைந்து பேர் ஓரங்களைத் தூக்கித் தொட்டிலாகப் பிடிக்க வேண்டும். தலைமாட்டில் ஒருவர் அக்குளுக்கடியில் கைகொடுத்து, முகம் தண்ணீருக்கு மேலேயே இருக்கும்படி தாங்க வேண்டும். எட்டுக் குடம் தண்ணீர், அதாவது சுமார் 120 லிட்டர், ஊற்றி உடைத்த ஐஸ் 20 கிலோ கொட்டுங்கள். 30 டிகிரித் தண்ணீர் 15-க்கு வந்துவிடும். கையால் அலசிக்கொண்டே இருங்கள். அசையாத தண்ணீர் தோலையொட்டிச் சூடாகி நிற்கும். நல்ல தண்ணீர் கிடைக்காத ஊரில் கடல் தண்ணீரே போதும். ஆனால் உப்பளப் பாத்தியில் வெயிலில் கிடக்கும் உப்புநீர் வேண்டாம், அதுவே சூடாக இருக்கும், கண்ணிலும் எரியும். மயங்கியவரைக் கடலுக்குள் இறக்குவது அதைவிட மோசம்.

இப்படி அலசினால் ஒரு டிகிரி இறங்க ஐந்தாறு நிமிடம் ஆகும். பத்துப் பதினைந்து நிமிடத்தில் தெளிவாகப் பேசினாலோ, நடுக்கம் கண்டாலோ வெளியே எடுங்கள். நெற்றியில் காட்டும் கருவியை நம்பாதீர்கள், நனைந்த தோலில் அது குறைத்தே காட்டும். இதய நோயுள்ள முதியவருக்கு ஈரத்துணியும் மின்விசிறியும் போதும். துணி இரண்டு மூன்று நிமிடத்தில் சூடாகிவிடும், மாற்றிக்கொண்டே இருங்கள். கழுத்திலும் அக்குளிலும் மட்டும் ஐஸ் வைத்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பதும் தவறு.

செய்யக் கூடாதவை சில. நினைவு குழம்பியவர் வாயில் சோடாவோ மோரோ ஊற்றினால் நுரையீரலுக்குப் போகும். டோலோ இந்தச் சூட்டைக் குறைக்காது, அடிபட்ட ஈரலுக்கு அது இன்னொரு சுமை. வலிப்பு வந்தால் கையில் சாவி கொடுக்காமல் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.

ஆஸ்பத்திரியில் சேர்ந்ததும் மலவாயில் வெப்பநிலை பார்க்கச் சொல்லுங்கள். அக்குள் அளவு உள்சூட்டைவிடக் குறைவாகவே இருக்கும். சர்க்கரையும் பார்க்க வேண்டும், தாழ்சர்க்கரை மயக்கமும் இதே போலத்தான் தெரியும். விழுந்த நேரம், குளிர வைத்த நேரம், பிரஷருக்குச் சாப்பிடும் நீர் மாத்திரை, மனநல மாத்திரை எல்லாவற்றையும் சொல்லுங்கள். அந்த மாத்திரைகள் வெயிலைத் தாங்கும் சக்தியைக் குறைப்பவை.

மாலையில் எழுந்து உட்கார்ந்து டீ கேட்டார் என்று கையெழுத்துப் போட்டு அழைத்து வந்துவிடாதீர்கள். ஈரல் பாதிப்பு ரத்தப் பரிசோதனையில் உச்சத்தைத் தொடுவது இரண்டாம் மூன்றாம் நாளில்தான். சிறுநீர் கட்டன் டீ நிறத்தில் போனால் தசை கரைந்து சிறுநீரகத்தை அடைக்கிறது என்று பொருள். வீடு திரும்பிய பிறகும் ஒரு வாரமாவது வெயில் வேலை கூடாது. அதற்குப் பிறகும் முதலில் காலை நேரத்தில் அரை நாள் வேலையாகத் தொடங்கட்டும்.