எம்.வி.பி.க்குத் தமிழில் என்ன?

போன சனிக்கிழமை தரமணியில், மைக்ரோசாஃப்டின் எம்.வி.பி. விருது வாங்கிய தம்பி ஒருவனுக்குப் பாராட்டுக் கூட்டம். மேடைப் பேனரில் ‘மிகவும் மதிப்புமிக்க தொழில்முறை நிபுணர்’ என்று கொட்டை எழுத்து. இந்தத் தொடரை நான் பார்ப்பது இது நான்காவது முறை. பக்கத்து இருக்கைப் பெரியவர் மெல்லக் கேட்டார்: “தம்பிக்கு இதுல மாசம் எவ்வளவு வரும் சார்?” ஒரு பைசா வராது என்றேன். “அப்புறம் தொழில்முறைன்னு போட்டிருக்கே?”

சரியான கேள்வி.

எம்.வி.பி. அமெரிக்க விளையாட்டுக் களத்துச் சொல். ‘மோஸ்ட் வேல்யுபிள் பிளேயர்’ என்பதன் சுருக்கம்; அங்கே கடைசி எழுத்து ஆட்டக்காரரைக் குறிக்கும். மைக்ரோசாஃப்ட் 1993-இல் அதை எடுத்து, ‘பி’யைப் புரொஃபஷனல் ஆக்கி, தன் மென்பொருளில் தடுமாறுகிறவர்களுக்குக் கைகொடுத்த வெளியாட்களுக்கு விருதாகத் தந்தது. சம்பளம் கிடையாது. ஆண்டுதோறும் மறுபடி எடைபோடுவார்கள்.

புரொஃபஷனல் என்பது தேர்ச்சியையும் சொல்லும், பிழைப்பையும் சொல்லும். தமிழில் ‘தொழில்முறை’ என்றால் பிழைப்புதான் முன்னால் வந்து நிற்கும். தொழில்முறைக் குத்துச்சண்டை என்றால் காசுக்கு மோதுவது. கூலி வாங்காமல் செய்ததற்குப் பாராட்டு, கூலிக்காரர் என்று பட்டம்! ‘மிகவும் மதிப்புமிக்க’ என்பதில் ‘மிக’ இரண்டு தடவை வேறு. மனை விற்கிற விளம்பரம் மாதிரி. மொழிபெயர்த்தவர் அகராதியைப் பார்த்தார், ஆளைப் பார்க்கவில்லை.

தன்னார்வலர் போதாதா என்பார்கள். நல்ல சொல். 2015 வெள்ளத்தில் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு தண்ணீரில் இறங்கியவர்களைச் சென்னை அப்படித்தான் அழைத்தது. ‘ஆர்வலர்’ குறளிலேயே உண்டு. ஆனால் அதில் மனசு தெரிகிறது, தேர்ச்சி தெரியவில்லை. தொண்டர்? குன்றத்தூர்ச் சேக்கிழார் பாடிய திருத்தொண்டர்கள் வேறு; இன்று அண்ணா சாலையில் தொண்டர் என்றால் கையில் கொடி இருக்கும்.

நான் ‘கொடைவல்லுநர்’ என்பேன். வல்லவர் என்பதே வல்லுநர். ஓட்டுநர், பெறுநர் என்பவற்றில் வரும் அதே ‘நர்’. (அன்றைய சான்றிதழில் ‘வல்லுனர்’ என்று றன்னகரம் போட்டிருந்தார்கள். அதற்குத் தனியாக ஒருநாள் அழ வேண்டும்.) கொடை புதிதில்லை, குருதிக்கொடை என்று ஏற்கெனவே சொல்கிறோம். கற்பிப்பதையே நன்னூல் ‘ஈதல்’ என்கிறது. “விரையான் வெகுளான் விரும்பி முகமலர்ந்து” நூல் கொடுக்கச் சொல்கிறது. எக்செல்லில் நாளும் மாதமும் இடம் மாறுகிறது என்ற அதே கேள்விக்கு, ராத்திரி பதினொன்றரைக்கு, பத்தாவது தடவையாக, கணினியின் வட்டார அமைப்பை ஸ்கிரீன்ஷாட்டில் வட்டம் போட்டுக் காட்டுகிறான் அந்தத் தம்பி. வெகுளான், அதாவது கோபப்படமாட்டான் என்றால் வேறென்ன?

திருநெல்வேலி நண்பர் மட்டும் சிரித்தார்: “கொடைன்னா எங்க ஊர்ல கோயில் திருவிழால்லா!” இருக்கட்டும், அங்கேயும் அள்ளித்தான் கொடுக்கிறார்கள். பேனர் அடித்த பையனுக்குச் சொல் உடனே பிடித்துவிட்டது. எழுத்து குறைவு, இன்னும் பெரிதாகப் போடலாமாம்.