டிகாண்ட்: இறுப்பது வேறு, ஆற்றுவது வேறு

பழைய சிவப்பு ஒயினைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் ‘டிகாண்ட் செய்தல்’ என்பதை ‘வடிகட்டுதல்’ என்று போட்டுவிடுகிறார்கள். அது பொருந்தாது. வடிகட்டத் துணியோ சல்லடையோ வேண்டும். டிகாண்ட் செய்பவர் கையில் இரண்டும் இருக்காது. அடியில் தங்கிய மண்டி அசையாதபடி, மேலே தெளிந்ததை மட்டும் இன்னொரு கலத்துக்குச் சாய்த்து ஊற்றுகிறார். இதற்குத் தமிழில் இறுத்தல் என்று பெயர். பள்ளி அறிவியலில் ‘தெளிய வைத்து இறுத்தல்’ என்று படித்தது இதைத்தான்.

முதலில் அயல்சொல்லின் பிறப்பு. கிரேக்கத்தில் ‘காந்தோஸ்’ என்றால் கண்ணின் ஓரம், நாம் கடைக்கண் என்கிறோமே, அது. கண் மருத்துவர்கள் இன்றும் அந்த ஓரத்தைக் ‘காந்தஸ்’ என்றே எழுதுகிறார்கள். ஊற்றுவதற்கு வாகாகக் கிள்ளிவிட்ட குடுவை வாயும் அதே வடிவில் இருப்பதால் அதற்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. வாயோரமாக ஊற்றிப் பிரிப்பதை இடைக்கால லத்தீன் ‘டெகாந்தாரே’ என்றது. 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்த சொல்லிலிருந்தே பின்னால் ‘டிகாண்டர்’ என்ற கண்ணாடிக் குடுவைக்கும் பெயர் வந்தது. கிரேக்கர் கண்ணைக் கண்ட இடத்தில் நாம் மூக்கைக் கண்டிருக்கிறோம், கெண்டிக்கு மூக்குதானே! காப்பி டிகாஷனுக்கும் டிகாண்டுக்கும் ஒலியில்தான் ஒற்றுமை. டிகாஷன், காய்ச்சி எடுத்தல் என்ற வேறொரு லத்தீன் வேரிலிருந்து வந்தது.

‘இறு’ என்ற வினைக்குப் பொருள் பல. வரி இறுப்பதும் விடை இறுப்பதும் அந்தச் சொல்தான். சமையலிலும் மருந்து செய்வதிலும் தெளிவைப் பிரித்தெடுப்பது இறுத்தல்: சுண்ணாம்பைக் கரைத்து அசையாமல் வைத்து, மறுநாள் மேலே நிற்கும் தெளிவை இறுத்துக்கொள்வார்கள். சமையல் குறிப்புகளில் இப்போது ‘இருத்து’ என்று இடையின ரகரம் போடுகிறார்கள். இருத்துவது உட்காரவைப்பது, இங்கே வேண்டியது வல்லின றகரம்.

இறுத்தபின் கிடைப்பதற்கும் பழைய பெயர் உண்டு: தேறல். தேறுதல் என்றால் தெளிதல். கலங்கல் நீரைத் தெளியவைக்கப் பானைக்குள் தேய்க்கும் தேற்றாங்கொட்டையிலும் அதே வேர் இருக்கிறது. ‘யவனர் நன்கலம் தந்த தண்கமழ் தேறல்’ என்று புறநானூற்று 56ஆம் பாட்டில் நக்கீரர் சொல்வது கடல் கடந்து வந்த ஒயினை. கபிலர் பாடிய 120ஆம் பாட்டில் வருவது உள்ளூர்ச் சரக்கு: ‘நிலம்புதைப் பழுனிய மட்டின் தேறல்’. மண்ணில் புதைத்து முதிரவைத்து, தெளிவெடுத்த கள். நிலவறையில் ஒயினை முதிரவைப்பதற்குச் சொல் தேடுகிறவர்கள் ‘பழுனிய’ என்பதைத் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்.

இனி மண்டிக்கு வருவோம். இளம் சிவப்பு ஒயினில் துவர்ப்புத் தரும் டானினும் நிறம் தரும் ஆந்தோசயனினும் கரைந்து கிடக்கும். ஆண்டுகள் போகப்போக இவை ஒன்றோடொன்று பிணைந்து, நீண்டு, கனத்து, கரைந்து நிற்க முடியாமல் கீழே இறங்கும். பழைய ஒயினின் நிறம் வெளிறுவதற்கும் துவர்ப்பு மெத்தென்று ஆவதற்கும் இது ஒரு காரணம். தக்கையின் உள்முனையில் சர்க்கரைப் பரல் போல மின்னுவது வேறு: டார்டாரிக் அமிலத்தின் பொட்டாசிய உப்பு. கெடுதல் இல்லை. நம் புளியின் புளிப்பும் அதே அமிலம்தான். போர்ச்சுகலின் விண்டேஜ் போர்ட் என்ற இனிப்பு ஒயினை அறுவடைக்குப் பின் 2, 3 ஆண்டுக்குள் வடிகட்டாமலே பாட்டிலில் அடைத்துவிடுவதால் அதில் மண்டி கெட்டியாகச் சேரும். பிரான்சின் போர்தோவில் பொடியாக, நிறைய. பர்கண்டியில், பினோ நுவார் என்ற திராட்சையின் ஒயினில் குறைவு. அங்கே பலர் இறுப்பதே இல்லை. பாட்டிலின் வடிவும் இதற்கு ஒத்துப்போகிறது. போர்தோ பாட்டிலின் தூக்கிய தோளில் மண்டி தடுக்கி நிற்கும்; பர்கண்டி பாட்டிலின் சரிந்த தோளில் வழுக்கிக்கொண்டு வந்துவிடும்.

மண்டி ஒழுங்காகப் படிய வேண்டுமென்றால் நிலவறை ஒழுங்காக இருக்க வேண்டும். 12 முதல் 14 டிகிரி செல்சியஸ், 60–70 சதவீத ஈரப்பதம், இருட்டு, அதிர்வின்மை. பாட்டில் படுத்திருக்க வேண்டும். தக்கை நனைந்தே இருந்தால்தான் சுருங்கிக் காற்றை உள்ளே விடாது. லேபிளை எப்போதும் மேல்பக்கமாகவே வையுங்கள். அப்போது மண்டி எந்தப் பக்கம் படிந்திருக்கிறது என்று தேட வேண்டியதில்லை, லேபிளுக்கு நேர் எதிர்ப்பக்கம். வெப்பம் ஏறினால் ஒயின் விரிந்து தக்கையைத் தள்ளும்; பாட்டில் வாயை மூடிய உறைக்கடியில் பிசுபிசுப்பாகக் கசிந்த தடம் தெரியும். வாங்கும்போது பாட்டிலில் ஒயின் நிற்கும் மட்டத்தையும் பாருங்கள். 30 வயதுப் போர்தோவில் மட்டம் தோளின் மேற்பகுதிவரை இறங்கியிருப்பது இயல்பு. தோளின் நடுவுக்குக் கீழே போயிருந்தால் சந்தேகப்பட வேண்டும்.

குடிப்பதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே பாட்டிலை நிமிர்த்தி வைத்துவிடுங்கள். பொடி மண்டி முழுக்க அடிக்கு இறங்க அவ்வளவு நேரம் ஆகும். திறக்கும்போது உறையை முழுக்கக் கழற்றுங்கள், கழுத்து தெரிய வேண்டும். முதிர்ந்த தக்கை ஊறி மென்மையாகியிருக்கும். திருகாணி அதன் நடுவைத் துளைத்து, நடுப்பகுதியை மட்டும் பிய்த்துக்கொண்டு வரும். இரண்டு மெல்லிய தகடு உள்ள திறப்பானே நல்லது: நீளத் தகட்டை முதலில் நுழைத்து, இருபுறமும் மாறி மாறி அசைத்து இறக்கி, திருகியபடியே இழுக்க வேண்டும். தக்கை உதிர்ந்து உள்ளே விழுந்துவிட்டால் மட்டும் சல்லடைக்கு அனுமதி.

பிறகு கழுத்துக்கும் தோளுக்கும் கீழே ஒரு மெழுகுவத்தி. கைப்பேசி டார்ச்சும் போதும், மெழுகுவத்தியின் அழகு இல்லையே தவிர வேலை அதே வேலை. லேபிள் மேலே இருக்கும்படி பிடித்து, ஒரே சாய்ப்பில், மெல்லிய ஒழுக்காக ஊற்ற வேண்டும். இடையில் நிமிர்த்தினால் போச்சு. திரும்பி ஓடும் ஒயின் அடியைக் கலக்கிவிடும், ஒரு நாள் காத்திருந்தது வீண். முதல் முக்கால் பாட்டிலில் பார்க்க ஒன்றுமிருக்காது. கடைசியில், வெளிச்சத்துக்கு மேலே, ஊதுவத்திப் புகை போல ஒரு கரிய இழை தோளை நோக்கி நெளிந்து வரும். அது கழுத்துக்குள் நுழையும்முன் நிறுத்துங்கள். 750 மில்லியில் 30 முதல் 60 மில்லி வரை மிஞ்சும். அதைக் கோப்பையில் சேர்த்தால் கசப்பும் மணலும்தான். இறைச்சிக் குழம்புக்குப் போகட்டும்.

டிகாண்டர் என்றதும் அகலமான அடிப்பாகம் கொண்ட குடுவைதான் நினைவுக்கு வரும். பழைய ஒயினுக்கு அது எதிரி. ஆங்கிலத்தில் மண்டி பிரிப்பதற்கும் காற்று படவிடுவதற்கும் ஒரே சொல்லாக இருப்பதால் வந்த குழப்பம் இது. பிரெஞ்சில் முன்னது ‘டெகாந்தே’, பின்னது ‘கராஃபே’, இரண்டும் தனித்தனி. நமக்கும் தனித்தனிதான். டீக்கடையில் கையை உயர்த்தி நீட்டி ஊற்றுவதை யாரும் இறுப்பது என்று சொல்வதில்லை, ஆற்றுவது என்கிறோம். இளம் ஒயினின் முரட்டுத் துவர்ப்புக்கு அப்படி ஆற்றுவது வேண்டும்: அகலக் குடுவை, ஒன்று அல்லது இரண்டு மணி நேரம். முதிர்ந்த ஒயினுக்கு இறுத்தல் மட்டும் போதும். அதுவும் ஒடுங்கிய குடுவையில், பரிமாறுவதற்குச் சற்று முன்பு. போர்தோவின் ஒயின் அறிஞர் எமில் பேனோ, மண்டி இருந்தால் மட்டுமே இறு, அதையும் கடைசி நேரத்தில் செய் என்ற கட்சி. உலர்ந்த இலை, தோல், புகையிலை, மழை விட்ட மண் என்று எழும் அந்த வாசம் அரை மணி நேரத்தில் காற்றோடு போய்விடலாம்.

அதனால் இறுத்த கையோடு சுவைத்துப் பாருங்கள். 16–18 டிகிரி, கோப்பையில் மூன்றில் ஒரு பங்கு. வெள்ளைத் தாளுக்கு மேல் சாய்த்தால் விளிம்பு செங்கல் நிறத்தில் தெரியும். திறந்ததும் வரும் புழுக்க வாடை பத்து நிமிடத்தில் கலைந்தால் கவலையில்லை. நனைந்த அட்டைப்பெட்டி வாடை வந்து, நேரம் ஆக ஆக அது தூக்கலாகிக்கொண்டே போனால் தக்கை கெட்டது என்று பொருள். இறுத்தாலும் ஆற்றினாலும் அது சரியாகாது.