நேரம் தீர்ந்த பிறகும் ஒரு வாய்ப்பு

2016 செப்டம்பர் 10, ஓக்லஹோமா மாநிலத்து ஸ்டில்வாட்டர் நகரம். அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் ஆட்டம் ஒன்று முடியும் தறுவாயில் இருக்கிறது. உள்ளூர் அணியான ஓக்லஹோமா ஸ்டேட் 27-24 என முன்னிலையில் இருக்கிறது. மிச்சம் இருப்பது 4 விநாடிதான், பந்தும் அவர்கள் கையில்தான். அந்த ஆட்டத்தில் அவர்கள் தோற்றார்கள்.

இது நம்மூர் கால்பந்து இல்லை. ஹெல்மெட் மாட்டிக்கொண்டு மோதுகிற ஆட்டம். பந்து வைத்திருக்கும் அணிக்கு 10 யார்டு முன்னேற நான்கு வாய்ப்பு உண்டு. ஒவ்வொன்றுக்கும் ‘டவுன்’ என்று பெயர். நான்கிலும் முடியாவிட்டால் பந்து எதிரணிக்குப் போகும், கடிகாரமும் நிற்கும். சிக்கல் இங்கேதான். ஓக்லஹோமா ஸ்டேட்டுக்கு அது நான்காவது டவுன். அவர்களுடைய குவாட்டர்பேக் (பந்தை வாங்கி ஆட்டத்தை நடத்துபவர்) மேசன் ருடால்ஃப் பந்தை வாங்கியதும் மண்டியிட்டு ஆட்டத்தை நிறுத்தினால் ஓரிரு விநாடி மிஞ்சும். எதிரணியான சென்ட்ரல் மிச்சிகனுக்கு அது போதும். ஆகவே 4 விநாடியையும் கரைத்தாக வேண்டும். ருடால்ஃப் பந்தை ஆளில்லாத பக்கமாக உயரே தூக்கி வீசினார். கடிகாரம் பூஜ்யத்துக்கு வந்துவிட்டது.

மைதானத்தில் மஞ்சள் கொடி விழுந்தது. பந்தை வாங்க ஆளே இல்லாத இடத்துக்கு வீசுவது குற்றம், ‘இன்டென்ஷனல் கிரவுண்டிங்’. தண்டனையாக அந்த டவுன் பறிபோகும். சரி, டவுன் போனது, நேரமும் போனது. அப்புறம் என்ன? நடுவர்கள் கூடிப் பேசிவிட்டு, கடிகாரம் ஓடாமலே ஒரு டவுன் ஆடிக்கொள்ளலாம் என்று சென்ட்ரல் மிச்சிகனிடம் பந்தைக் கொடுத்தார்கள்.

நடுவர்கள் நினைத்ததில் ஒரு நியாயம் உண்டு. கடைசி ஓவரின் கடைசிப் பந்து நோ-பால் ஆனால் இன்னொரு பந்து போட்டே ஆக வேண்டும் இல்லையா? இந்த ஆட்டத்திலும் அப்படி ஒரு பொது விதி இருக்கிறது. கடைசி நொடியில் ஒருவன் எதிராளியின் சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டு, ‘நேரம் முடிந்தது’ என்று கைகழுவிப் போய்விடக் கூடாது. தண்டனையை எதிரணி ஏற்றுக்கொண்டால், நேரம் தீர்ந்திருந்தாலும் இன்னொரு டவுன் ஆடப்படும்.

ஆனால் அந்த விதிக்கு ஒரு விலக்கு உண்டு. தப்பு செய்தது பந்து வைத்திருந்த அணி, தண்டனையில் டவுன் இழப்பும் சேர்ந்திருக்கிறது என்றால் ஆட்டம் நீளாது. பின்தங்கியிருக்கும் அணியை நினைத்துப் பார்த்தால் இது சரியாகவே படும். கடைசி விநாடியில் விதியை மீறி எறிந்தவனுக்கே இன்னொரு வாய்ப்பு தருவானேன்? முன்னிலையில் இருக்கிற அணியிடம்தான் விதி தடுமாறுகிறது. அந்த அணிக்கு வேண்டியதே நேரம் தீர்வது. குற்றம் செய்தே நேரத்தைத் தீர்த்துவிட்டால், விதிப்புத்தகப்படி அதற்கு ஒரு நஷ்டமும் இல்லை. எனக்கென்னவோ, நடுவர்கள் தப்பாகச் சொன்னதுதான் நியாயத்துக்குப் பக்கத்தில் இருந்தது என்று தோன்றுகிறது. ஆனாலும் தப்பு தப்புதான்.

கிடைத்த அந்த ஒரு வாய்ப்பில் சென்ட்ரல் மிச்சிகனின் குவாட்டர்பேக் கூப்பர் ரஷ் பந்தை நெடுந்தூரம் வீசினார். ஜெஸ்ஸி க்ரோல் கூட்டத்துக்கு நடுவே அதைப் பிடித்தார். எதிராளிகள் அவரை மடக்கிச் சாய்ப்பதற்குள் பந்தைப் பின்னால் வந்த கோரி வில்லிஸிடம் தள்ளிவிட்டார். வில்லிஸ் மூலையை நோக்கி ஓடி எல்லைக் கோட்டை எட்டிவிட்டார். 51 யார்டு டச்டவுன், அதற்கு ஆறு புள்ளி, 30-27.

ஆட்டம் முடிந்த கொஞ்ச நேரத்திலேயே, அந்த டவுனைக் கொடுத்திருக்கவே கூடாது என்று நடுவர் தரப்பு ஒப்புக்கொண்டது. களத்தில் இருந்த நடுவர் குழுவுக்கு இரண்டு ஆட்டத் தடை. மேலே திரை முன் உட்கார்ந்திருந்த ரீப்ளே குழுவுக்கும் அதே தண்டனை, ஆட்டத்தை நிறுத்தித் திருத்த வழியிருந்தும் திருத்தவில்லை என்பதற்காக. ஸ்கோர் மட்டும் மாறவில்லை. ஆட்டம் முடிந்தது என்று ரெஃபரி அறிவித்துவிட்டால் ஸ்கோரும் முடிந்தது. அதுவும் விதிப்புத்தகத்தில் இருக்கிறது.

அதற்கு மேலும் முடிவை மாற்ற வேண்டுமென்றால் ஜெயித்தவர் மனசு வைக்க வேண்டும். 1940-ல் கார்னெல் பல்கலைக்கழக அணி மனசு வைத்தது. நடுவர் எண்ணுவதில் தவறியதால் ஐந்தாவது டவுன் கிடைத்து, அதில் டார்ட்மத்தை 7-3 என்று வென்றிருந்தது. படச்சுருளைப் போட்டுப் பார்த்து உண்மை தெரிந்ததும் வெற்றியை விட்டுக்கொடுத்தது. 1990-ல் கொலராடோவுக்கும் அதே ஐந்தாவது டவுன் அதிர்ஷ்டம் அடித்தது, மிசூரிக்கு எதிராக 33-31. அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. அந்த ஆண்டு தேசியச் சாம்பியன் பட்டத்திலும் பங்கு பெற்றார்கள்.

சென்ட்ரல் மிச்சிகனும் வெற்றியை வைத்துக்கொண்டது. சீசன் முடிவில் அவர்களுக்கு 6 வெற்றி, 6 தோல்வி. பருவ இறுதியின் ‘பவுல்’ ஆட்டத்துக்குத் தகுதி பெற 6 வெற்றி வேண்டும்; ஸ்டில்வாட்டர் வெற்றி இல்லையென்றால் ஒன்று குறைந்திருக்கும். மயாமி பீச் பவுலுக்குப் போய் டல்சாவிடம் 55-10 என்று தோற்றார்கள்.