தாமிரபரணிக் கரையில் நாணலை விட்டுவையுங்கள்

ஆற்று நீரின் தரம் பார்க்கும் எங்களுக்கு, ஆய்வுக்கூட அறிக்கை வருவதற்கு முன்பே ஆற்றுக்குள் கிடக்கும் கல் பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். பாபநாசத்துக்கு மேலே தாமிரபரணியில் ஒரு கல்லைப் புரட்டினால், வாலில் மெல்லிய இழைகளோடு தட்டையாக ஒட்டிக்கொண்டிருக்கும் மேஃப்ளை இளம்பூச்சிகளைப் பார்க்கலாம். நீரில் ஆக்சிஜன் நன்றாக இருந்தால்தான் இவை பிழைக்கும். நெல்லை நகருக்குள் சாக்கடை கலக்கும் இடத்தில் இவை இருக்காது. சேற்றுக்குள் நெளியும் சிவப்புப் புழுக்கள்தான் இருக்கும். மூச்சு முட்டும் சேற்றிலும் தாக்குப்பிடிக்க அவற்றின் உடலில் ஹீமோகுளோபின் உண்டு. அந்த நிறம் அதனால்தான்.

அப்புறம் கீழே போகப் போக, மணலும் நாணலும் மிச்சமிருக்கும் இடங்களில் நீர் கொஞ்சம் தேறும். மணல் துகள்மேல் படிந்த நுண்ணுயிர்கள் கழிவைச் சிதைக்கின்றன. நாணலும் கோரையும் அதிலுள்ள சத்தை உறிஞ்சிக்கொள்கின்றன. ஒரு கன மீட்டர் மணலின் இடுக்குகளில் சுமார் 300 லிட்டர் தண்ணீர் தங்கும். கோடையில் ஆற்றுக்கும் கரையோரக் கிணறுகளுக்கும் அதுதான் கசிந்து வருகிறது. இதற்கெல்லாம் ஓர் அளவு உண்டு. அளவை மீறிச் சாக்கடையை விட்டால் எந்த ஆறும் தாங்காது.

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது. ஆறு கரைபுரண்டு திருவைகுண்டம் வட்டாரமே மூழ்கியது. இப்படி ஒரு வெள்ளம் வந்து போனால், ‘ஆற்றைச் சுத்தம் செய்யுங்கள்’ என்று கேட்பது நியாயம்தான். ஆனால் சுத்தம் என்ற பெயரில் ஜேசிபியை விட்டுக் கரையை மொட்டையாக வழித்தெடுப்பதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. குளத்தில் வண்டல் சேரும், தூர்வாரத்தான் வேண்டும். ஆற்றங்கரையில் வேரைப் பிடுங்கினால் அடுத்த வெள்ளத்தில் கரை சரியும். சரிந்த மண் கீழே உள்ள அணைக்கட்டில் போய் அடையும். தாமிரபரணியின் கடைசி அணைக்கட்டான திருவைகுண்டம் ஏற்கெனவே வண்டலால் தவிக்கிறது.

உங்கள் ஊரில் இந்த வேலை நடந்தால், எதை எடுக்கிறார்கள் என்று கூடவே நின்று பாருங்கள். ஆகாயத்தாமரையையும் சீமைக்கருவேலத்தையும் எடுக்கட்டும். நாணல், தாழை, மருதமரத்தை விட்டுவிடச் சொல்லுங்கள். சீமைக்கருவேலத்தை வெட்டினால் மட்டும் போதாது, மறுபடியும் துளிர்க்கும். தூரோடு எடுக்க வேண்டும். எடுத்த இடத்தை வெறுமனே விடாமல், அடுத்த மழைக்குள் நாணல் கிழங்கும் மருதக் கன்றும் நட்டுவிடுங்கள்.