மூணு பெக் எப்படி ஒன்றரைக் குவார்ட்டர் ஆனது

கென்டக்கி மாநிலம் லூயிவில் நகரில் ஒரு பார் கவுன்ட்டருக்குப் பின்னால் நான் நிற்க ஆரம்பித்து பதினோரு வருடம் ஆகிறது. அதற்கு முன் கேட்டரிங் படிப்பு, கொஞ்ச நாள் கப்பல் வேலை. நம்மூரில் போர்பன் என்றால் நடுவில் சாக்லேட் க்ரீம் வைத்த பிஸ்கட். இங்கே அது மக்காச்சோளத்தில் காய்ச்சும் விஸ்கி, ஊர் பிழைப்பே அதில்தான் ஓடுகிறது. கென்டக்கியில் இருக்கும் மனிதர்களைவிட, கிடங்குகளில் ஊறிக்கொண்டிருக்கும் பீப்பாய்கள் அதிகம்.

"இதுல எது பெஸ்ட்?" என்று தினமும் யாராவது கேட்பார்கள். முன்பெல்லாம் ஏதாவது ஒரு பெயரைச் சொல்லிவிட்டு ஊற்றிவிடுவேன். இப்போது பாட்டிலைத் திருப்பி லேபிளைக் காட்டிவிட்டுத்தான் பேச்சையே ஆரம்பிக்கிறேன். அப்படி மாறியதற்குக் காரணம், கோயம்புத்தூரிலிருந்து மகன் வீட்டுக்கு வந்திருந்த ஒரு பெரியவர்.

தமிழ் முகத்தைப் பார்த்ததும் அவருக்கு ஒரே சந்தோஷம். "ஏனுங்க தம்பி, இந்த ஊரு ஸ்பெஷல் எதுவோ அதையே ஊத்துங்க" என்றார். மகன் இந்த ஊர் சரக்கைப் பற்றி எங்கோ படித்துவிட்டு வந்திருந்தார். பீப்பாயிலிருந்து தண்ணீர் கலக்காமல் அப்படியே பாட்டிலில் அடைத்த ஒரு போர்பனைக் கேட்டார். லேபிளில் 126 புரூஃப் என்று இருந்தது; சரக்கின் காரத்தை, அதாவது ஆல்கஹால் எவ்வளவு என்பதைச் சொல்லும் எண் அது. நான் 60 மில்லி ஊற்றினேன். பெரியவர் ஐஸ் வேண்டாம், தண்ணீர் வேண்டாம் என்றுவிட்டார். இரண்டாவது, மூன்றாவது. "மூணு பெக் நமக்கு சாதாரணமுங்க." நானும் ஊர்க் கதை பேசிக்கொண்டே ஊற்றினேன். எழுந்தபோது கால் அவர் பேச்சைக் கேட்கவில்லை. ஸ்டூலோடு சாய்ந்தார், தாடையில் இரண்டு தையல். தப்பு பாட்டில்மேல் இல்லை, அவர்மேலும் இல்லை. 126 என்றால் என்னவென்று தெரிந்த ஒரே ஆள் அந்த இடத்தில் நான்தான். நான் சொல்லவில்லை.

சரி, கணக்குக்கு வருவோம். ஊர் பாட்டிலில் 42.8 சதவீதம் என்று போட்டு, பக்கத்தில் 75 டிகிரி புரூஃப் அல்லது 25 யு.பி. (அண்டர் புரூஃப், அதாவது நூறுக்கு 25 குறைவு) என்று இருக்கும். அது வெள்ளைக்காரன் விட்டுவிட்டுப் போன கணக்கு. அதில் 100 புரூஃப் என்பது ஏறக்குறைய 57 சதவீத ஆல்கஹால். அமெரிக்கக் கணக்கு வேறு, சுலபமும்கூட: சதவீதத்தை இரண்டால் பெருக்கினால் புரூஃப். நம்மூர் 75, இங்கே கிட்டத்தட்ட 86. பெரியவர் குடித்த 126 என்பது 63 சதவீதம்.

மூன்று முறை 60 மில்லி என்றால் 180 மில்லி, அதாவது அளவில் ஒரு குவார்ட்டர். ஊர்ச் சரக்காக இருந்தால் அதில் சுத்த ஆல்கஹால் 77 மில்லி. அவர் கிளாஸில் போனது 113 மில்லி. அவர் மனசில் ஒரு குவார்ட்டர், ரத்தத்தில் ஒன்றரை. அமெரிக்கக் கணக்கில் ஒரு டிரிங்க் என்பது 14 கிராம் ஆல்கஹால், அதாவது 80 புரூஃப் விஸ்கியில் 44 மில்லி. அந்தக் கணக்கில் அவருடைய மூன்று, ஆறைத் தாண்டிவிட்டது.

விஸ்கி ஒப்பிட உட்காருகிற நண்பர்கள் கோட்டை விடுவது இங்கேதான். நாலு பாட்டிலை வரிசையாக வைத்து, நாலிலும் ஒரே அளவு ஊற்றி, மணம் பார்த்து, மார்க் போடுகிறார்கள். ஆனால் ஜிம் பீம் வெள்ளை லேபிள் 80 புரூஃப். பஃபலோ ட்ரேஸும் மேக்கர்ஸ் மார்க்கும் 90. பிளான்டன்ஸ் 93. வைல்ட் டர்க்கி பெயரிலேயே 101. ஓல்ட் ஃபாரஸ்டர் 1920 என்ற பாட்டில் 115. புக்கர்ஸ் வழக்கமாக 120க்கு மேல். ஜார்ஜ் டி. ஸ்டாக் சில வருடங்களில் 140ஐயும் தாண்டும். அந்த எல்லையைத் தாண்டிய பாட்டிலை விமானத்தில் ஏற்ற அனுமதி கிடையாது, பெட்டியில் போட்டாலும் சரிதான். ரசிகர்கள் அதற்கு 'ஹாஸ்மேட்' என்று பெயர் வைத்துப் பெருமைப்படுகிறார்கள். ஆபத்தான ரசாயனங்களை ஏற்றிப் போகும் லாரியில் ஒட்டுகிற சொல் அது!

பீப்பாயில் ஊற்றும்போதே இவ்வளவு காரம் இருக்குமா என்றால், இல்லை. போர்பனைப் பீப்பாய்க்குள் விடும்போது 125 புரூஃபுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது சட்டம். ஆனால் கென்டக்கிக் கிடங்குகள் ஏழு மாடி, ஒன்பது மாடி உயரம். கோடையில் மேல்மாடி அனலாகக் கொதிக்கும். அந்தச் சூட்டில் ஆல்கஹாலைவிடத் தண்ணீர் வேகமாக மரத்தின் வழியே வெளியேறிவிடுகிறது. அளவு குறையக் குறைய, மிச்சம் இருப்பதன் காரம் ஏறுகிறது. கடைசியில் தண்ணீர் விட்டு 90க்கோ 100க்கோ இறக்கித்தான் பெரும்பாலான பாட்டில்களை நிரப்புகிறார்கள். கம்பெனிக்காரரே தண்ணீர் கலந்துதான் விற்கிறார் என்னும்போது, உங்கள் கிளாஸில் ஒரு தேக்கரண்டி தண்ணீர் விடுவதில் என்ன கௌரவக் குறைச்சல்? வாசனையும் அப்போதுதான் விரியும். காரம் மூக்கை அடைப்பது நின்ற பிறகுதான் வனிலா, கருகிய சர்க்கரை, ஆரஞ்சுத் தோல் எல்லாம் தனித்தனியாகத் தெரியும்.

காரத்தைக் கம்பெனிகளும் அவ்வப்போது தொட்டுப் பார்ப்பதுண்டு. ஜாக் டேனியல்ஸ் ஒரு காலத்தில் 90. பிறகு 86, 2004 வாக்கில் 80. பெரும்பாலானோர் கவனிக்கவே இல்லை. 2013இல் மேக்கர்ஸ் மார்க் 90ஐ 84 ஆக்குகிறோம் என்று அறிவித்தது; கிளம்பிய கூச்சலில் ஒரு வாரம் போல்தான் தாங்கியது, பழையபடியே விடுகிறோம் என்றுவிட்டார்கள்.

புரூஃபுக்கு அடுத்து நான் விரல் வைத்துக் காட்டுவது, சட்டம் கட்டிப்போட்ட சில சொற்களை. லேபிளில் குதிரை, தாத்தா படம், மலையோடை எல்லாம் இருக்கும், அவை கதை. 'போர்பன்' என்ற சொல் கதை அல்ல. குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளம், உட்புறம் கருக்கிய புது ஓக் பீப்பாய், வெளியிலிருந்து நிறமோ சுவையோ சேர்க்கக்கூடாது, அமெரிக்காவில் செய்திருக்க வேண்டும். கென்டக்கியில்தான் செய்ய வேண்டும் என்பதில்லை. 'ஸ்ட்ரெயிட்' என்று முன்னால் இருந்தால் குறைந்தது இரண்டு வருடம் பீப்பாயில் இருந்தது என்று அர்த்தம். நாலு வருடத்துக்கு உட்பட்டது என்றால் வயதை அச்சடித்தே ஆக வேண்டும். வயது போட்டிருந்தால், உள்ளே இருப்பதில் மிக இளையதன் வயது அது.

இவற்றில் எனக்குப் பிடித்த சொல் 'பாட்டில்ட் இன் பாண்ட்'. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் விஸ்கி என்ற பெயரில் இங்கே விற்றதெல்லாம் பயங்கரம்: வெறும் சாராயத்தில் நிறத்துக்குப் புகையிலைச் சாறு, அயோடின் என்று கையில் கிடைத்ததைக் கலந்தார்கள். இ.எச். டெய்லர் போன்ற கென்டக்கி முதலாளிகள் அரசாங்கத்தை நெருக்கி 1897இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். இந்தச் சொல் லேபிளில் வர வேண்டுமானால் ஒரே ஆலை, ஒரே பருவம், அரசுக் கண்காணிப்பில் பூட்டிய கிடங்கில் குறைந்தது நாலு வருடம், பாட்டிலில் சரியாக 100 புரூஃப். டெய்லருக்குத் தன் வியாபார லாபமும் அதில் இருந்தது, அதை மறைப்பானேன். ஆனாலும் குடிப்பவரைக் காப்பாற்ற வந்த முதல் சட்டங்களில் அது ஒன்று. நூறு வருடத்துக்குப் பிறகும், சுமாரான விலையில் ஏமாற்றமில்லாத பாட்டில் எது என்று கேட்டால் எவான் வில்லியம்ஸ் வெள்ளை லேபிளையோ, ரை என்ற தானியத்தில் காய்ச்சிய ரிட்டன்ஹவுஸ் ரையையோ எடுத்துக் காட்டுவேன். இரண்டிலும் அந்தச் சொல் உண்டு.

'பிளெண்டட் விஸ்கி' என்று இருந்தால் கொஞ்சம் நிதானியுங்கள். இங்கே அதில் ஐந்தில் ஒரு பங்கு ஸ்ட்ரெயிட் விஸ்கி இருந்தால் போதும். மிச்சம் சுவையற்ற சாராயமாக இருக்கலாம். கரும்புப்பாகுச் சாராயத்தையே விஸ்கி என்று குடித்துப் பழகிய நமக்கு இது அதிர்ச்சியாக இருக்காது. தேன், பட்டை என்று சுவை சேர்த்த பாட்டில்கள் தனி வகை. காரம் குறைவுதான், ஆனால் இனிப்பு தொண்டையில் வழுக்கிக்கொண்டு போவதால் கணக்கு தப்புவது அவற்றில்தான் சீக்கிரம். முதல்முறை குடிக்கும் பையன்கள் அதைத்தான் கேட்கிறார்கள்.

ஜாக் டேனியல்ஸ் போர்பனா இல்லையா என்று என் கவுன்ட்டரில் அடிதடி தவிர மற்ற எல்லாம் நடந்திருக்கிறது. போர்பனுக்கான விதிகளில் அது பெரும்பாலும் அடங்கும். கூடுதலாக, பீப்பாய்க்குப் போகும் முன் மேப்பிள் மரக்கரியில் சொட்டுச் சொட்டாக வடிக்கிறார்கள். அதனால் டென்னசி விஸ்கி என்றே போட்டுக்கொள்கிறார்கள். அந்த ஜாக்குக்குக் காய்ச்சும் வித்தையைக் கற்றுக்கொடுத்தவர் நியரஸ்ட் கிரீன் என்ற கறுப்பின அடிமை. லேபிளில் ஜாக் மட்டும்தான்.

இனி சுவை. போர்பனில் மக்காச்சோளத்துக்கு அடுத்த தானியம் எது என்று கேளுங்கள். ரை என்றால் மிளகு, கிராம்புச் சாயல். கோதுமை என்றால் மெதுவாக, வெண்ணெய் தடவிய ரொட்டி மாதிரி. வைல்ட் டர்க்கி ரை ரகம், மேக்கர்ஸ் மார்க் கோதுமை ரகம். ஆயிரக்கணக்கான டாலருக்குக் கைமாறும் பாப்பி வான் விங்கிளும் கோதுமை ரகம்தான். அதைக் காய்ச்சும் பஃபலோ ட்ரேஸ் ஆலையிலேயே வெல்லரும் அதே கோதுமைச் சேர்மானத்தில் வருகிறது. வயதும் பீப்பாய்த் தேர்வும் வேறு, ஒத்துக்கொள்கிறேன். விலை வித்தியாசம் முழுவதும் அந்த வயதுக்குத்தானா என்பது வேறு கேள்வி. இருபத்துமூன்று வருடம் ஊறியதை இரண்டு முறை சுவைத்திருக்கிறேன். எனக்கு மரப்பலகையை நக்கியது போல இருந்தது. இதைக் கேட்டு ஒரு வாடிக்கையாளர் டிப்ஸ் வைக்காமலே போய்விட்டார்.

பின்பக்கச் சின்ன எழுத்தில் 'டிஸ்டில்ட் இன் இண்டியானா' என்று இருந்தால், முன்பக்கத்துத் தாத்தா அதைக் காய்ச்சவில்லை. இண்டியானாவின் லாரன்ஸ்பர்கில் ஒரு பெரிய ஆலை பல பிராண்டுகளுக்கு மொத்தமாகக் காய்ச்சிக் கொடுக்கிறது. சரக்கு நல்ல சரக்குதான், எனக்குக் குறையில்லை. தாத்தாவுக்கும் சேர்த்துக் காசு கொடுக்க வேண்டாம், அவ்வளவே.

எங்கள் பாரில் சில செவ்வாய்க்கிழமைகளில் பாட்டிலைப் பழுப்புக் காகிதத்தில் சுற்றி ஊற்றுவோம். எல்லாம் 90லிருந்து 101க்குள், கிளாஸுக்கு 15 மில்லி, பக்கத்தில் தண்ணீர், துப்ப ஒரு கோப்பை. துப்புவதை நம்மவர்கள் கேவலமாக நினைக்கிறார்கள். சுவை பார்ப்பதையே தொழிலாக வைத்திருக்கிறவர்கள் துப்பத்தான் செய்கிறார்கள். காகிதத்தைப் பிரிக்கும்போது முகங்களைப் பார்க்க வேண்டும். பிளான்டன்ஸுக்காக மூன்று மாநிலம் சுற்றி வந்தவர், கண்ணை மூடி வைல்ட் டர்க்கிக்கு முதல் மார்க் போட்டிருப்பார்.

வண்டி ஓட்ட வேண்டியவருக்கும், தூக்க மாத்திரையோ வலி மாத்திரையோ எடுப்பவருக்கும் நான் ஊற்றுவதில்லை. போதை ஏறியவருக்கு ஊற்றுவது இங்கே சட்டப்படியே தப்பு. குறைவாகக் குடித்தால் உடம்புக்கு நல்லது என்று என் வாயால் சொல்லவும் மாட்டேன்: பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என 2023இல் உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது, புற்றுநோய்க்கும் மதுவுக்கும் உள்ள தொடர்பை 2025 தொடக்கத்தில் அமெரிக்காவின் தலைமை மருத்துவ அதிகாரி எச்சரிக்கையாகவே வெளியிட்டார். விற்கிறவன் நான், அதனால்தான் எண்ணைச் சொல்லிவிட்டு விற்கிறேன்.

2025 பிப்ரவரியில் இந்தியா போர்பன் மீதான இறக்குமதி வரியை 150 சதவீதத்திலிருந்து 100ஆகக் குறைத்தது. ஊரிலிருந்து விசாரிப்பு கூடிவிட்டது. "அண்ணா, தெரிஞ்சவர் ஒருத்தர் பாப்பி பாதி விலைக்குத் தரேங்கறார், வாங்கலாமா?" வாங்காதீர்கள். பெயர்பெற்ற பாட்டில்களின் காலிக் குப்பிகளே இணையத்தில் நல்ல விலைக்குப் போகின்றன. காலிக் குப்பியைக் காசு கொடுத்து வாங்குகிறவர்கள் எல்லோரும் அலமாரியில் அழகுக்கு வைக்கத்தான் வாங்குகிறார்கள் என்று நம்ப நான் தயாரில்லை. அதில் எதை நிரப்பி மூடி அடித்தார்கள் என்று உங்கள் நாக்குக்குத் தெரியாது, என் நாக்குக்கும் தெரியாது.

போன மாதம்கூட, கடைசிச் சொட்டு ஊற்றி முடித்த ஒரு பாட்டிலைக் காட்டி, "அந்தக் குப்பியைக் கொடு, ஐம்பது டாலர் தருகிறேன்" என்றார் ஒருவர். கவுன்ட்டருக்குக் கீழே ஒரு கறுப்பு மார்க்கர் எப்போதும் இருக்கும். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே லேபிளின் குறுக்கே இரண்டு கோடு இழுத்துவிட்டு, மூடியைத் தனியாகக் குப்பையில் போட்டேன். பில்லுக்குக் காசை வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.